ஒரே கட்டடம், ஒரே குப்பை அறை: அலுவலகங்கள் சேர்ந்து பிரித்தால் என்ன கிடைக்கும்?

அலுவலகக் குப்பையைப் பற்றி இரண்டு பேச்சுகள் எங்கும் கேட்கும். பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வாங்கி வைத்துவிட்டு, நம் அலுவலகம் மறுசுழற்சி செய்கிறது என்று சொல்வது ஒன்று. "எப்படிப் போட்டாலும் கடைசியில ஒரே வண்டியிலதானே கொட்டுறாங்க" என்று கையை விரிப்பது இன்னொன்று. முதல் பேச்சில் உண்மை குறைவு. இரண்டாவதில் பாதி உண்மை உண்டு, ஆனால் அந்தப் பாதிக்குக் காரணம் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

வேலூரில் ஆபீசர்ஸ் லைன், ஆற்காடு சாலை, சத்துவாச்சாரி, காட்பாடி என எந்தப் பக்கம் போனாலும் மூன்று, நான்கு மாடிக் காம்ப்ளக்ஸ்கள் நிற்கின்றன. கீழே வங்கிக் கிளையும் ஏ.டி.எம்.மும், மேலே ஆடிட்டர் அலுவலகம், இன்சூரன்ஸ், கோச்சிங் சென்டர், ரத்தப் பரிசோதனை நிலையம், தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் சின்ன அலுவலகம். எல்லோரும் தனித்தனியே குப்பை போடுகிறார்கள். பிரிக்க ஆர்வம் உள்ளவர்களும் தனித்தனியே தொடங்கி, இரண்டு மாதத்தில் தனித்தனியே விட்டுவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்ததால் அப்படி ஆவதில்லை. ஒரு அலுவலகம் தனியாகச் செய்யும்போது கணக்கு உதைக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், சேர்ந்து செய்வதன் பலன் தானாக விளங்கும்.

## பால் சொசைட்டியில் நடப்பதுதான்

நம் பக்கத்துக் கிராமங்களில் பால் சொசைட்டி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மாடு வைத்திருப்பவர் காலையில் கறப்பது 4, 5 லிட்டர். அதை எடுக்க அவர் வாசலுக்கு வண்டி வராது. ஊரே கொண்டுவந்து ஊற்றிக் கேன்கள் நிரம்பினால் வண்டி தவறாமல் வரும், விலையும் நிலையாக இருக்கும். ஆனால் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொருவர் பாலையும் சோதிக்கிறார்கள். திரிந்த பால் ஒரு சொம்பு உள்ளே விழுந்தால் கேன் முழுவதும் கெட்டுவிடும். நல்ல பால் கொண்டுவந்தவருக்கும் சேர்த்துத்தான் நட்டம்.

குப்பைக்கும் இந்த இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. சேர்த்தால்தான் அளவு வரும். சேர்க்கும் இடத்தில் சோதனை இல்லையென்றால் ஒருவர் கெடுத்தது எல்லோருக்கும் கெடும்.

இங்கே மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மறுசுழற்சி என்பது, பயன்படுத்தி முடித்த பொருளை ஆலையில் மீண்டும் மூலப்பொருளாக்குவது. தொட்டியில் போடுவதோடு அது நடந்துவிடாது. ஓர் ஆலை அதைக் காசு கொடுத்து வாங்கும் நிலையில் போய்ச் சேரவேண்டும். கலப்பு என்பது, சேரக்கூடாத ஒன்று சேர்ந்து ஒரு பொருளை விற்கமுடியாதபடி ஆக்குவது. மூலத்தில் பிரித்தல் என்பது, குப்பை உண்டாகும் இடத்திலேயே, அதாவது மேசையிலும் சாப்பாட்டு அறையிலும், கலக்கும் முன்பே தனித்தனியாகப் போடுவது.

## அளவு: தாளை வைத்து ஒரு கணக்கு

அலுவலகங்களில் வழக்கமாக வாங்கும் ஏ4 தாள் 75 ஜி.எஸ்.எம். அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம். ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள் அடங்கும் என்பதால் ஒரு தாள் ஏறத்தாழ 4.7 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ.

ஒரு சின்ன அலுவலகம் வாரம் ஒரு ரீம் செலவழிக்கிறது, அதில் பாதி கோப்புக்கும் மீதி பாதி குப்பைக்கும் போகிறது என்று வையுங்கள். வாரம் 1.2 கிலோகூட இல்லை. ஒரு மாதம் சேர்த்தாலும் 5 கிலோவை எட்டாது. அதற்காகப் பழைய பேப்பர் கடைக்காரர் மூன்றாம் மாடிக்கு ஏறி வரமாட்டார். அதுவரை அந்தத் தாள் அலமாரி மேல் கிடக்கும், பல்லி முட்டையிடும், ஒருநாள் யாரோ எரிச்சலில் பொதுக் குப்பையில் தள்ளிவிடுவார்கள். பல அலுவலகங்களில் இதுதான் நடந்திருக்கிறது.

அதே கட்டடத்தில் 12 அலுவலகங்கள் ஒரே இடத்தில் சேர்த்தால் வாரம் 14 கிலோ, மாதம் 56 கிலோ. கூரியர் அட்டைப்பெட்டிகளும் சேர்ந்தால் ஒரு தட்டு ரிக்‌ஷாவுக்கோ லோடு ஆட்டோவுக்கோ ஏற்ற சரக்கு. இப்போது கடைக்காரர் நாள் குறித்து வருவார். அவர் வருவார் என்று தெரிந்ததும் சேர்த்து வைக்க இடமும் சின்னதாகப் போதும். அளவு வந்தால் ஒழுங்கு வருகிறது. ஒழுங்கு வந்தால் பிரிப்பது பழக்கமாகிறது. சேர்ந்து செய்வதன் முதல் பலன் இதுதான்; மற்றவை எல்லாம் இதன் பின்னால் வருபவை.

தண்ணீர் பாட்டிலுக்கு எடையைவிட இடம்தான் சிக்கல். 1 லிட்டர் பாட்டில் 20 முதல் 25 கிராம். ஒரு கிலோ சேர 40 பாட்டிலாவது வேண்டும். நசுக்காமல் வைத்தால் அவை 40 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டி, நசுக்கி, மூடியைத் திருகிப் போடச் சொல்லுங்கள். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக் என்றாலும் கவலை வேண்டாம். ஆலையில் அரைத்துத் தண்ணீரில் விடும்போது பாட்டிலின் துகள் மூழ்கும், மூடியின் துகள் மிதக்கும், அங்கேயே பிரித்துக்கொள்வார்கள்.

## தூய்மை: ஒரு துளி எண்ணெய் செய்யும் வேலை

ஆலையில் பழைய தாளைத் தண்ணீரோடு சேர்த்துக் கரைத்துக் கூழாக்குகிறார்கள். தாளின் நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அச்சு மையை நீக்கி, சலித்து, மறுபடி தாளாக இழுக்கிறார்கள். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள டி.என்.பி.எல். காகித ஆலையில் இப்படி மை நீக்கிக் கூழாக்கும் பிரிவு இயங்குகிறது.

இந்த வேலை முழுக்கத் தண்ணீரில் நடக்கிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. நாரில் ஒட்டிக்கொண்டு புதுத் தாளில் கறையாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும். வடை மடித்த தாள் ஒன்று தனியாக இருந்தால் சின்ன விஷயம். சாக்கில் மற்ற தாளோடு நாலு நாள் கிடந்தால் சுற்றியுள்ள தாளுக்கும் எண்ணெய் ஏறும், எறும்பு வரும், கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்து விலையைக் குறைப்பார். ஸ்டேப்ளர் பின் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அது தேவையில்லை. கனமான இரும்பு ஆலையில் எளிதாகப் பிரிந்துவிடும்.

தாள் போலத் தெரிந்தும் தாளோடு சேராதவை சில உண்டு. பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. அதனால்தான் டீ ஒழுகுவதில்லை, அதனால்தான் சாதாரணத் தாளோடு அது கரைவதும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு என்பது இன்னும் பல அலுவலகங்களுக்குத் தெரியாது. ஏ.டி.எம். ரசீதும் கடை பில்லும் வெப்பத்தால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள். அவற்றையும் தாள் சாக்கில் போடக்கூடாது. லேமினேட் செய்த அட்டை, கார்பன் தாள், ஈரமான டிஷ்யூ எல்லாம் இதே வரிசைதான்.

இதுவரை பார்த்தது: ஒரு அலுவலகத்தின் தாள் விற்கும் அளவுக்கு வராது, பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் வரும். ஆனால் சேரும்போது ஓர் அலுவலகத்தின் எண்ணெய்க் காகிதம் எல்லோர் சாக்கையும் கெடுக்கும்.

## ஒரு பிரியாணிப் பார்சலைப் பிரித்துப் பார்ப்போம்

வெள்ளிக்கிழமை மதியம் நம் ஊர் அலுவலகங்களுக்கு வரும் ஆம்பூர் பிரியாணிப் பார்சல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிப்பதில் உள்ள எல்லாச் சிக்கலும் அந்த ஒரு பொட்டலத்தில் இருக்கிறது.

அலுமினிய டப்பா முழுக்க உலோகம். கழுவினால் காசு, கழுவாவிட்டால் எலி. அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் 5 சதவீதம் போதும், அதனால் இது வீணாகப் போகவே கூடாத பொருள். அதன் மூடி வேறு: மேலே அட்டை, கீழே சில்வர் பூச்சு. இரண்டும் ஒட்டியிருப்பதால் அட்டைக் கட்டிலும் உலோகத்திலும் சேராது. கத்திரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் வந்த குட்டிக் கவர்கள், வாய் கட்டிய ரப்பர் பேண்டோடு எண்ணெய் படிந்து கிடக்கும்; இவற்றை யாரும் வாங்கமாட்டார்கள். வாழை இலையும் மிச்சச் சோறும் மட்கும். எலும்பும் மட்கும், ஆனால் மெதுவாக. கட்டடத்து உர டிரம்மில் போட்டால் நாயும் எலியும் தேடி வரும், எனவே அதை மாநகராட்சி வண்டிக்குக் கொடுக்கும் ஈரக்குப்பையில் போடுவதே நல்லது.

ஒரு சாப்பாட்டில் ஐந்து வகை. இதை 40 பேர் தனித்தனியே தங்கள் மேசைத் தொட்டியில் திணித்தால், சாயங்காலம் தூய்மைப் பணியாளர் கையில் கிடைப்பது பிரிக்கவே முடியாத ஒரு பிசுபிசுப்பு. ஒரே சாப்பாட்டு அறையில், குழாயடிக்குப் பக்கத்தில், மூன்று தொட்டி வைத்துப் போட்டால் ஆளுக்கு அரை நிமிட வேலை.

இதைவிட நல்ல வழி, பொட்டலமே இல்லாமல் செய்வது. தனி அலுவலகம் 3 சாப்பாடு கேட்டால் ஓட்டல்காரர் டப்பாவில்தான் தருவார். கட்டடமே சேர்ந்து 40 சாப்பாடு சொன்னால் எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து, காலிப் பாத்திரத்தை எடுத்துப் போகச் சம்மதிக்கும் மெஸ்கள் உண்டு. இங்கேயும் அளவுதான் பேசுகிறது.

## குறைப்பதுதான் முதல் வேலை

மறுசுழற்சி பற்றிய பேச்சில் மறைந்துபோகும் உண்மை ஒன்று: தாளின் நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகிறது. 5 முதல் 7 தடவைக்கு மேல் அதைத் தாளாக்க முடியாது. பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்குகிறது. ஆகவே உண்டாகாத குப்பைக்குத்தான் முழு மதிப்பெண்.

பிரிண்டரில் இரு பக்கமும் அச்சடிப்பதை இயல்பான அமைப்பாக மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். உள் உபயோகத் தாளில் பாதி வரை அதிலேயே மிச்சம். டீக்கு ஆளுக்கொரு டம்ளர். கட்டடத்துக்குப் பொதுவாக ஒருவரை வைத்து நாளுக்கு இரண்டு வேளை டம்ளர் கழுவினால், 150 பேர் வேலை செய்யும் இடத்தில் நாளொன்றுக்கு 300 கப் இல்லாமல் போகும். 25 வேலைநாளில் 7,500. தனி அலுவலகம் இதற்கென ஆள் வைக்க முடியாது. பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் ஒருவருக்கும் கனக்காது. குடிதண்ணீருக்கும் இதே வழி: சின்ன பாட்டில் வாங்குவதை நிறுத்தி, திரும்ப நிரப்பும் 20 லிட்டர் கேனை மாடிக்கொன்று வைத்தால் பாட்டில் குப்பை பெருமளவு குறைந்துவிடும்.

பலரும் கவனிக்காத பலன் வேறொன்று இருக்கிறது. ஒரு மாடியின் குப்பை அடுத்த மாடியின் தேவை. கோச்சிங் சென்டருக்கு வரும் புத்தகப் பெட்டிகளும் குமிழ் கவரும் தோல் மாதிரிகளைக் கூரியரில் அனுப்பும் அலுவலகத்துக்கு அப்படியே பயன்படும். ஆடிட்டர் அலுவலகம் ஏப்ரலில் கழிக்கும் பாக்ஸ் ஃபைல்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போதும். கீழ்த்தளத்தில் ஒரு அலமாரியும் "எடுத்துக்கொள்ளலாம்" என்ற அட்டையும் இருந்தால் இது நடக்கும். வாரக் கடைசியில் எடுக்காததைச் சாக்குக்கு அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி பரணாகிவிடும்.

## அமைப்பது எப்படி

முதலில் ஒரு வாரம் எடை போடுங்கள். இதைக் குப்பைத் தணிக்கை என்பார்கள்: எது, எவ்வளவு, எந்த மாடியிலிருந்து வருகிறது என்று அளப்பது. ஒரு கொக்கித் தராசு, நான்கு சாக்கு, ஒரு நோட்டு போதும். திங்கள் முதல் சனி வரை, சாயங்காலக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, தாள்-அட்டை, பிளாஸ்டிக்-உலோகம், ஈரம், மற்றவை என்று பிரித்து எடையை எழுதுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கட்டடக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த நோட்டின் ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

பிறகு மேசைத் தொட்டிகளை எடுத்துவிடுங்கள். இதற்குத்தான் எதிர்ப்பு வரும். ஆனாலும் இதை விட்டுக்கொடுத்தால் மற்றது நிலைக்காது. காலடியில் தொட்டி இருக்கும்வரை எழுந்து போய்ப் பிரித்துப் போட யாருக்கும் காரணம் இல்லை. மேசையில் தாளுக்கு மட்டும் ஒரு அட்டைத் தட்டு இருக்கலாம்.

மாடிக்கு ஒரு இடத்தில் தொட்டிகளை ஒன்றாக வைக்கவேண்டும். தனியாக நிற்கும் எந்தத் தொட்டியும் எல்லாக் குப்பைக்குமான தொட்டியாகிவிடும். ஈரத்துக்கு 20 லிட்டர், மூடியோடு, நாளில் இரண்டு முறை காலி செய்யவேண்டும். தாளுக்கு 60 லிட்டர், மூடியில் நீளவாக்கில் ஒரு பிளவு மட்டும். பொட்டலம் உள்ளே நுழையாது. பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் வட்டத் துளை. தொட்டி மேல் எழுத்தைவிடப் பொருளையே ஒட்டுவது நல்லது: உண்மையான ஒரு கசங்கிய தாள், ஒரு நசுக்கிய பாட்டில்.

தனியாக, பூட்டுள்ள ஒரு பெட்டி வேண்டும். பேட்டரி, டியூப் லைட், டோனர், பழைய சார்ஜர், மவுஸ் ஆகியவற்றுக்கு. எல்.இ.டி. அல்லாத பழைய வகை டியூப் லைட்டில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஆவியாகக் கலக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், அதுவும் அட்டைச் சாக்குக்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்கவேண்டும். ஒரு அலுவலகத்தின் இரண்டு மவுஸை எடுக்க அவர்களும் வரமாட்டார்கள். கட்டடமே சேர்த்து வைத்தால் ஒரு நடை வருவார்கள்.

தோல் மாதிரித் துண்டுகள் நம் வட்டாரத்துக்கே உரிய சங்கதி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிட்டது. உரத்தில் மட்காது. எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறக்கூடும். எனவே எக்காரணம் கொண்டும் குப்பையோடு கொளுத்தக்கூடாது. மாதிரி அனுப்பிய தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பவேண்டும்.

பரிசோதனை நிலையத்தின் ஊசி, பஞ்சு, ரத்தக்குழாய் இந்த ஏற்பாட்டுக்குள் வரவே கூடாது. அவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் தனியே உள்ளன. தனி வண்ணப் பைகள், தனி வண்டி. ஒரே ஒரு ஊசி உலர் சாக்கில் தென்பட்டாலும் பிரிப்பவர் அந்தச் சாக்கையே தொடமாட்டார். தொடவும் கூடாது.

## ஈரக்குப்பை: நாற்றம் ஏன் வருகிறது

டீத்தூள், பழத்தோல், மிச்ச உணவு ஆகியவை ஈரக்குப்பை. 150 பேருக்கு நாளில் இரண்டு டீ போட்டால், வடிகட்டிய டீத்தூளே 2 கிலோவுக்குக் குறையாது. மற்றவை சேர்ந்து நாளுக்கு 5 கிலோ என்று வையுங்கள்.

இது காற்றோடு இருந்தால் மட்கும், காற்றில்லாமல் இருந்தால் அழுகும். காற்று கிடைக்கும் குவியலில் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்று 55, 60 டிகிரி வரை சூடேற்றும், மண்வாசனைதான் வரும். காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்து நாற்ற வாயுக்களையும் மீத்தேனையும் விடும். குப்பைமேட்டின் அடியில் நடப்பது இதுதான். மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சதுப்பேரியில் ஆண்டுக்கணக்கில் குப்பை கொட்டிப் புகையைச் சுவாசித்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

மொட்டை மாடியில் இடம் இருந்தால் 200 லிட்டர் டிரம்களில், பக்கவாட்டில் துளையிட்டு, உரமாக்கலாம். ஒரு வாளி ஈரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை வாளி காய்ந்த இலை. புங்கன், வேம்பு எதுவானாலும் சரி. இலைதான் காற்றுக்கு வழிவிடுகிறது. வாரம் இருமுறை கிளறவேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு வந்தால் பதம். ஒழுகினால் இலை போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கத்திரி வெயிலில் வேலூர் மாடியில் குவியல் இரண்டே நாளில் காய்ந்து வேலை நிறுத்திவிடும், ஆகவே நிழல் வலை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் இறங்காத மூடி வேண்டும்.

டிரம் எத்தனை? நாளுக்கு 5 கிலோ என்றால் ஒரு டிரம் நிரம்ப மூன்று வாரம் ஆகும். நிரம்பியபின் மட்கி முடிய 45 முதல் 60 நாள். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்க மூன்று மட்கிக்கொண்டிருக்கும், ஆக 4 டிரம். ஒரே டிரம் வாங்கித் தொடங்குபவர்கள் நாலாவது வாரம் கைவிடுவது இந்தக் கணக்கு தெரியாததால்தான். "மட்கும்" என்று அச்சிட்ட பிளாஸ்டிக் கவரை இதில் போடாதீர்கள். அது மட்கத் தொழிற்கூட அளவிலான சூடு தொடர்ந்து வேண்டும்.

இடம் இல்லாவிட்டால் உரமாக்கியே தீரவேண்டும் என்பதில்லை. பிரித்த ஈரக்குப்பையை அன்றன்றே மாநகராட்சிப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்தால், நுண் உரமாக்கும் மையத்துக்குப் போகும். குப்பையை அழுகும் முன் எடுத்துப் பிரித்தால் அது வளம் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட திட, திரவ வள மேலாண்மை முறையை வளர்த்தெடுத்தவர் நம் ஊர் சி. சீனிவாசன், சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் அந்த முறையைப் பின்பற்றித்தான் நாடெங்கும் பெயர் பெற்றது. வேலூரில் பிறந்த வழியை வேலூர்க் கட்டடங்கள் எடுத்துக்கொள்வதில் தயக்கம் எதற்கு?

சுருக்கமாக: ஈரத்துக்குக் காற்றும் காய்ந்த இலையும் வேண்டும், முடியாதவர்கள் அன்றே, தனியாக, கொடுத்துவிடவேண்டும்.

## கெடுவது எங்கே

"ஒரே வண்டியில் கொட்டுகிறார்கள்" என்ற குறைக்கு வருவோம். கட்டடத்து வாசலில் ஒரே கறுப்புப் பையில் கட்டி வைத்தால் வண்டிக்காரர் அதை எங்கே பிரிப்பார்? உள்ளே பிரித்ததையெல்லாம் கீழே கொண்டுபோய் ஒன்றாகக் கட்டும் கட்டடங்கள் ஏராளம். மாடியிலிருந்து சாக்கு எப்படி இறங்குகிறது, எங்கே நிற்கிறது, யார் கையில் போகிறது என்று ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள். கோளாறு எந்தப் படியில் என்று தெரிந்துவிடும். வண்டியிலேயே கலக்கிறார்கள் என்றால் வட்டார சுகாதார ஆய்வாளரிடம் கட்டடத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். ஒரு கடைக்காரரின் புகாரைவிடப் பன்னிரண்டு அலுவலகங்களின் கையெழுத்துக்குக் கனம் அதிகம்.

அட்டைச் சாக்குகளை மாடிப்படிக்குக் கீழே, மின்மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் அடுக்குவது பெரும்பாலான காம்ப்ளக்ஸ்களில் காணும் காட்சி. தீ பிடித்தால் எல்லோரும் இறங்க இருக்கும் ஒரே வழி அது. இது மட்டும் கூடவே கூடாது. தனி அறை இல்லாவிட்டால் வாரம் இருமுறை எடுக்க ஏற்பாடு செய்யுங்கள், மாதக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாளைக் கடைக்காரர் எடை கழித்துத்தான் எடுப்பார், பூஞ்சை பிடித்தால் எடுக்கவே மாட்டார். சாக்கைத் தரையில் வைக்காமல் நான்கு செங்கல் மேல் பலகை போட்டு வைக்கலாம்.

ரகசியத் தாள்கள் வங்கிக்கும் ஆடிட்டருக்கும் பெரிய கவலை. ஆளுக்கொரு சின்ன மெஷின் வாங்குவதைவிடப் பொதுவாக ஒரு நல்ல துண்டாக்கும் மெஷின் வைத்து, அந்தந்த அலுவலக ஆளே நின்று போட்டு முடிக்கலாம். துண்டாக்கிய தாளைத் தனிச் சாக்கில் கட்டுங்கள். நார் வெட்டுப்படுவதால் அதற்கு விலை குறைவு. நல்ல தாளோடு கலந்தால் அதன் விலையையும் இழுத்துவிடும். ரகசியம் இல்லாத தாளைத் துண்டாக்கவே வேண்டாம்.

## பணம் யாருக்கு?

கூட்டங்களில் பேசப்படாத, ஆனால் முதலில் பேசவேண்டிய விஷயம் இது. அட்டைப்பெட்டியும் பாட்டிலும் இன்று பெரும்பாலான கட்டடங்களில் தூய்மைப் பணியாளரின் கூடுதல் வருமானம். மறுசுழற்சி என்ற பெயரில் அதை எடுத்துக் கமிட்டிக் கணக்கில் வரவு வைத்தால், குறைந்த சம்பளம் வாங்குபவரிடமிருந்து எடுத்ததாகிவிடும். ஏற்பாடும் நிற்காது, ஏனென்றால் பிரிப்பதன் தரம் அவர் கையில்தான் இருக்கிறது.

விற்ற பணம் முழுவதும், அல்லது பெரும்பகுதி, அவருக்கே என்று எழுதி வையுங்கள். தனியாக அதற்கான வேலைநேரமும் கூலியும் உண்டு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தடித்த ரப்பர் கையுறை, ஷூ, சோப்பு, கழுவ இடம் ஆகியவை கட்டடத்தின் செலவு. கட்டடத்துக்குக் கிடைக்கும் லாபம் வேறு வகையில் வருகிறது: நாற்றமும் எலியும் குறைகின்றன, கப், பாட்டில், தாள் வாங்கும் செலவு இறங்குகிறது. பழைய தாளின் விலை ஏறி இறங்கும். அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. வாங்காமல் விட்ட பொருளின் மிச்சம் மாறாதது.

## சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே எல்லோரும் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டன. அவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென வந்த புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரம், உலர், சானிட்டரி நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பேட்டரி, பல்பு போன்ற சிறப்புக் கவனக் கழிவு. நாளுக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ குப்பை உண்டாக்கும் இடம் பெருங்கழிவு உண்டாக்குபவர். ஈரக்கழிவைத் தன் எல்லைக்குள்ளேயே இயன்றவரை கையாளவேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. நம் ஊரின் நடுத்தரக் காம்ப்ளக்ஸ்கள் பல இந்த எடையை எட்டாது, ஆனால் பிரித்துக் கொடுக்கும் கடமையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

## கட்டடம் சின்னதாக இருந்தால்

நான்கு அலுவலகம் மட்டுமே உள்ள கட்டடத்துக்கு மேலே சொன்ன அளவு வராது. அப்போது அதே தெருவில் அடுத்தடுத்த மூன்று கட்டடங்கள் சேர்ந்து ஒரே சேமிப்பு அறை வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சில் விட்டால் மூன்றாவது மாதம் மனத்தாங்கல் வரும். ஒரு பக்கத் தாளில் இவை இருக்கட்டும்: அறை யாருடையது, சாவி யாரிடம், கடைக்காரர் எந்தக் கிழமை வருவார், அவர் எடை போடும்போது கூட நிற்பவர் யார், கலப்போடு வந்த சாக்கைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு, பணியாளருக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில். திருப்பி அனுப்பும் அதிகாரத்தைத் தூய்மைப் பணியாளரிடமே கொடுத்து, அதை எல்லா அலுவலக மேலாளர்களும் கையெழுத்திட்டு ஏற்கவேண்டும். சாக்கு திரும்பி வரும் அலுவலகம், அடுத்த நாளே தன் ஆளை அனுப்பிப் பிரித்துக் கொடுக்கவேண்டும்.